பதினாலாம் எண் கை

முத்தரசியின் கையில் ஒரே காலையில் பதினோரு தடவை ஊசி குத்திய செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள், கல்லூரி ஆஸ்பத்திரியின் தரைத்தளத்து இலவச வார்டில் வருஷக்கணக்காய் வந்துபோய்க்கொண்டிருந்த பழைய நோயாளிகள் முப்பத்திரண்டு பேருக்கும் கைகளில் நரம்பு இல்லாமல் போயிற்று. காலை ஆறரை மணிக்கு ரத்தம் எடுக்க வந்த சகாயமேரி சிஸ்டர் முதல் கட்டிலில் டெய்லர் பீர்முகமது பாயின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பைத் தட்டினாள், தடவினாள், பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினாள். கை கத்தரிக்காய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அடுத்த கட்டிலிலும் அப்படித்தான். எட்டாவது கட்டிலுக்கு வந்ததும் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, "எல்லாருக்கும் ஒண்ணாத்தான் போயிருக்கு" என்று சொல்லி, ரிஜிஸ்தரில் முப்பத்திரண்டு பெயர்களுக்கும் நேரே 'நரம்பு இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

முத்தரசியின் அம்மா சுடலைவடிவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நான் நரம்பா இருந்திருந்தா என்னைக்கோ போயிருப்பேன்" என்றாள்.

வடிவு பொட்டல்குளத்துக்காரி, பீடி சுற்றுகிறவள். புருஷன் கேரளாவில் ஓட்டல் வேலை செய்துகொண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வருவான். மகள் முத்தரசிக்கு ஒன்பது வயது. அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிலைக்காது. இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினால்தான் அவளால் பள்ளிக்கூடத்துப் படி ஏற முடியும். அப்படி ஆறு வருஷமாக, மழையென்றும் வெயிலென்றும் பாராமல், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும், பிறகு கையைப் பிடித்துக்கொண்டும் வடிவு அந்த ஆஸ்பத்திரி வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. நாலாம் மாடியில் தனியறைகள். அங்கே படுத்திருக்கிறவர்களுக்கு ரத்தம் எடுக்கப் பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்ட சிஸ்டர்கள் போவார்கள். நரம்பு பிடிபடாத கையென்றால், தோலுக்கு மேலே பிடித்த உடனே உள்ளே ஓடுகிற நரம்பைப் பச்சை வெளிச்சத்தில் படம் போட்டுக் காட்டுகிற விளக்கு வரும். அதற்கும் சிக்காவிட்டால் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு மயக்க டாக்டரே வருவார். தரைத்தளத்துக்கு வருகிறவர்கள் முதலாம் வருஷத்து மாணவிகள். ஆறு ஆறு பேராக வருவார்கள், கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், அதில் ஆளுக்கு இருபத்தைந்து தடவை ரத்தம் எடுத்ததாகக் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னால் நிற்கிற டீச்சர், "ஒன்ஸ் மோர்" என்பார். குத்தும் பிள்ளை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், குத்துப்படும் கைக்குச் சொந்தக்காரர் கண்ணை மூடிக்கொள்வார், டீச்சர் மறுபடியும் "ஒன்ஸ் மோர்" என்பார்.

செவ்வாய்க்கிழமை வந்த ஆறு பேரில் கடைசிப் பிள்ளை பெல்சியா. நாசரேத் பக்கம், பதினெட்டு வயது, விடுதிச் சாப்பாட்டில் மெலிந்த முகம். அவள் குத்தியது பதினோராவது குத்து. ஊசி நரம்பின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வெளியேறி, தோலுக்கடியில் ரத்தம் கட்டி, நாவல்பழம் மாதிரி வீங்கியது. முத்தரசி ஏழாவது குத்திலேயே அழுகையை நிறுத்தியிருந்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் படுத்திருந்தாள். மகள் அழுததைத் தாங்கிக்கொண்ட வடிவால், அழாமல் கிடப்பதைத் தாங்க முடியவில்லை. பெல்சியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டாள்.

"ஏ பிள்ள, நீ படிக்கதுக்கு எம்பிள்ளதான் கெடச்சாளா?"

"எங்களுக்கு வேற கை குடுக்கலக்கா" என்றாள் பெல்சியா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

டீச்சர் நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அட்டெண்டர்லாம் வெளிய நில்லுங்க" என்றார். கூட வந்திருக்கிற தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த வார்டில் அட்டெண்டர் என்று பெயர்.

நரம்பு போன புதன்கிழமை நாலாம் மாடியின் பச்சை விளக்கு முதன்முறையாகக் கீழே இறங்கிவந்தது. முப்பத்திரண்டு கைகளிலும் பிடித்துப் பார்த்தார்கள். கோடும் இல்லை, கிளையும் இல்லை, சுண்ணாம்படித்த சுவரில் டார்ச் அடித்ததுபோல வெறும் பச்சை வட்டம் விழுந்தது. அதற்குப்பிறகு வந்து சேர்ந்த புது நோயாளிகளுக்கு நரம்பு அதனதன் இடத்தில் இருந்தது. பழைய ஆட்களுக்குத்தான் போயிருந்தது. காலில் பார்த்தார்கள், கழுத்தில் பார்த்தார்கள், எங்கும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் மூச்சு வந்தது, பசித்தது, கோபம் வந்தது.

போன நரம்புகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தவள் பெல்சியாதான். அந்த வாரம் இரண்டாம் மாடிப் பயிற்சிக் கூடத்துக்குப் பெட்டி பெட்டியாக நாற்பது கைகள் வந்திறங்கியிருந்தன. தோளுக்குக் கீழே வெட்டி வைத்தமாதிரியான கைகள். செயற்கைத் தோல் போர்த்தி, உள்ளே ரப்பர் குழாய் ஓட்டி, அதில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி, இந்த ஜில்லாவில் ஒருத்தருக்கும் இல்லாத ரோஸ் நிறத்தில் செய்திருந்தார்கள். மாணவிகள் மனிதர்மேல் கைவைக்குமுன் இதில் குத்திப் பழக வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை. கல்லூரி அவற்றை வாங்கியது இன்ஸ்பெக்‌ஷனுக்கு. பெல்சியாவைத் தூசி துடைக்கச் சொல்லியிருந்தார்கள். துடைத்துக்கொண்டே, நாலாம் மாடியில் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தந்திருந்த பச்சை விளக்கைப் போட்டுப் பார்த்தவள், பதினாலாம் எண் ஒட்டியிருந்த கைக்கு வந்ததும் விளக்கை அணைக்க மறந்து கீழே ஓடினாள்.

"அக்கா, மேல வந்து பாருங்க. உங்க பிள்ள நரம்பு அங்க இருக்கு."

வடிவு போய்ப் பார்த்தாள். ஆறு வருஷமாகப் பார்க்கிற நரம்பு. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே கவட்டைக் கம்புபோலப் பிரிந்து, ஒரு கிளை வெளிப்பக்கம் ஒதுங்கி, மணிக்கட்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சுழி போட்டு ஓடுகிற நரம்பு, பொட்டல்குளத்துக்குப் போகிற பாதையைப்போல அவளுக்கு மனப்பாடம். சுழிக்குப் பக்கத்தில் நாவல்பழ நிறத்தில் ரத்தக்கட்டுகூட அப்படியே இருந்தது. சகாயமேரி சிஸ்டர் வந்து, அந்தக் கையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினாள். பி பாசிட்டிவ், ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி இரண்டு, முத்தரசி என்று ரிசல்ட் வந்தது. மற்ற கைகளையும் பார்த்தார்கள். முப்பத்திரண்டில் முப்பத்திரண்டு பேருடைய நரம்பும் இருந்தது. எட்டுக் கைகளில் மட்டும் பழைய ரப்பர் குழாயும் சிவப்புத் தண்ணீரும் இருந்தன.

அன்று மத்தியானமே பதினாலாம் எண் கையில் ஊசி வைத்து, அதற்கு மேலே ரத்தப் பையைத் தொங்கவிட்டார்கள். இரண்டாம் மாடியில் பை இறங்க இறங்க, தரைத்தளத்தில் படுத்திருந்த முத்தரசியின் உதடு வெளிறலிலிருந்து சிவப்புக்கு வந்தது. நாலு மணிக்கு அவள் பசிக்கிறது என்றாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டில் பெயர், வயது என்று இருந்ததற்குக் கீழே 'கை எண்' என்று ஒரு கட்டம் வந்தது. பீர்முகமது பாய் படுக்கையில் இருந்தபடியே முப்பத்திரண்டு கைக்கும் அளவெடுக்கச் சொல்லி, பாப்ளின் துணியில் உறை தைத்தார். பெண்களின் கைகளுக்கு அவரவர் வீட்டிலிருந்து வளையல் வந்தது. ஏழாம் எண் கைக்கு யாரோ நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்கள், சகாயமேரி சிஸ்டர் திட்டினாள். சுடலைமாடன் கோயில் பூசாரி கைகளுக்குத் திருநீறு பூசலாம் என்றார், பள்ளிவாசல் அஜ்ரத் உறையின்மேல் ஓதி ஊதலாம் என்றார், பாஸ்டர் வந்து எல்லாக் கைக்கும் பொதுவாக ஜெபித்துவிட்டுப் போனார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இரண்டு கையின் போட்டோவும் கேட்டார்கள், ஒட்டியிருக்கிற கை, ஒட்டாத கை. தங்கள் நரம்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, செருப்பைக் கழற்றிவிட்ட இடத்தைச் சொல்வதுபோல, "ரெண்டாம் மாடி, சன்னல் பக்கத்து அலமாரி" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் இருந்தன. சாவி டீன் அறையில் இருந்தது. நரம்பு போனவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டிலேயே வைத்திருந்தார்கள்.

பத்தாம் நாள் காலையில், பத்து மணிக்கு, இட்லி தின்றுகொண்டிருந்த பீர்முகமது பாய் தட்டைக் கீழே போட்டுவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" என்று கத்தினார். அவர் பக்கத்தில் யாருமில்லை. அடுத்த நிமிஷம் எதிர்க்கட்டில் கிழவர் கத்தினார். பிறகு வரிசையாக வார்டே கத்தியது. முத்தரசி கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டாள்.

"யம்மா, யாரோ குத்துதாவ."

"யாருமில்லையே மக்கா."

"மேல இருந்து குத்துதாவம்மா."

மேலே வகுப்பு தொடங்கியிருந்தது. நரம்புதான் கைமாறியிருந்தது, வலி சொந்தக்காரரிடமே தங்கிவிட்டது. வடிவு படியேறிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்பது மாணவிகள் நாற்பது கைகளின் முன்னால் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தார்கள். முனகல் இல்லை, அழுகை இல்லை, கண்ணை மூடிக்கொள்கிற முகம் இல்லை. மேசைமேல் கை மட்டும் கிடந்தது. குத்தினால் நிஜ ரத்தம் வந்தது. பதினாலாம் எண் கையின்மேல் சிவப்பு மையில் 'கடினம்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் அதற்குத்தான் போட்டி போட்டார்கள். அவ்வளவு அமைதியாக அந்தக் கல்லூரியில் ஒரு வகுப்பு நடந்ததில்லை. அலறல் எல்லாம் இரண்டு மாடிக்குக் கீழே இருந்தது, கதவைச் சாத்தினால் கேட்காத தூரத்தில்.

வடிவு நேரே டீன் அறைக்குப் போனாள். டீன் சபாபதி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், பதினாலாம் நம்பர் எம்பிள்ள கை. அதுல குத்துனா அவளுக்கு வலிக்கு. நிப்பாட்டச் சொல்லுங்க."

"கேள்விப்பட்டேன்மா. கஷ்டமான விஷயம்தான்."

"அப்ப நிப்பாட்டுங்க."

"அப்படி உடனே முடியாது பாருங்க. இந்தக் கையெல்லாம் டிரஸ்டோட சொத்து. வாங்கினதுக்கு பில் இருக்கு, ஸ்டாக் ரிஜிஸ்தர்ல ஏத்தியிருக்கு. உள்ள இருக்கிற நரம்பு உங்க பொண்ணோடதுன்னு உங்ககிட்ட ஏதாவது பேப்பர் இருக்கா?"

வடிவின் நாக்கில் வந்ததெல்லாம் ஒரு டீன் அறையில் சொல்லக்கூடியதாக இல்லை. கடைசியில், "எம்பிள்ளைய பெத்ததுக்கே எங்கிட்ட பேப்பர் இல்ல சார். மழையில போயிட்டு" என்றாள்.

"பாருங்கம்மா, நல்லதை நினைங்க. முன்னாடி பொண்ணு கையில நேரடியா குத்தினாங்க. இப்ப அந்தப் பிரச்சினை இல்ல. ரத்தம் வழக்கம்போல ஏத்திக்கிட்டுதானே இருக்கோம்?" என்றார். பிறகு, வலி தெரிகிற நேரம் தெரிந்திருந்தால் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம் என்று, வகுப்பு அட்டவணையின் நகல் ஒன்றை வார்டில் ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டார். ஒட்டினார்கள். திங்கள், புதன், வெள்ளி, பத்திலிருந்து பன்னிரண்டு. அந்த நாட்களில் வார்டில் ஒன்பதரைக்கே காலைச் சாப்பாடு முடிந்துவிடும். பத்தடிக்கும்போது முப்பத்திரண்டு பேரும் துணிச்சுருளைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் பழகிவிட்டிருந்தார்கள். அதுதான் வடிவுக்கு எரிந்தது. பீடி சுற்றும்போது இலை கிழிந்தது, சோறு வடிக்கும்போது கஞ்சி மேலே கொட்டியது, பஸ்ஸில் இடித்தவனை அடிக்கப் போனாள்.

மூன்றாவது மாதம் டீன் சபாபதிக்கு ஒரு யோசனை வந்தது. நிஜ ரத்தம் வருகிற செயற்கைக் கை தமிழ்நாட்டில் வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை. வெளிக் கல்லூரிகளிலிருந்து அறுபது மாணவர்களை வரவழைத்து ஒரு பயிற்சி முகாம் வைத்தார். வாசலில் பேனர் கட்டி, மேளம்கூட வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முத்தரசிக்கு இருபத்தோராம் நாள். காலையிலேயே ரத்தம் ஏற்றிவிட்டு முகாமை வைக்கலாமே என்று சகாயமேரி சிஸ்டர் கேட்டதற்கு, முகாம் முடிந்து சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அறுபது பேரும் கடினமான கையில்தான் குத்திப் பார்க்க ஆசைப்பட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை முத்தரசி அம்மாவின் மடியில் கிடந்தாள். முதல் மணி நேரம் எண்ணினாள். அப்புறம் எண்ணவில்லை. அவளுடைய வழுவழுப்பான கையில் ஒரு கீறல் இல்லை, புள்ளி இல்லை, அம்மா தடவிக்கொடுக்க ஒரு காயம்கூட இல்லை. இரண்டு மணிக்கு உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மேலே மேலே ஏறியது. சிஸ்டர் ரத்தப் பைக்குச் சொல்ல மேலே ஓடி, பதினாலாம் எண் கையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்தாள்.

"வடிவு, வீங்கிப் போய் கெடக்கு. குத்த எடமில்ல. விளக்கு போட்டாலும் ஒண்ணும் தெரியல" என்றாள். பிறகு தணிந்த குரலில், "அம்பத்திமூணு தடவ குத்தியிருக்காவ. பெல்சியா எண்ணி வச்சிருக்கா" என்றாள்.

வடிவு மகளைப் பீர்முகமது பாயின் கட்டிலில் கிடத்திவிட்டு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள். அவளுக்குப் பின்னால், எழுந்து நடக்க முடிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், சிறுநீர்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒருவர், மனைவியின் தோளைப் பிடித்து வந்தவர் ஒருவர், நடக்க முடியாதவர்களுக்காக அவர்களுடைய அட்டெண்டர்கள். கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை. மாணவர்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்றார்கள். வடிவு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பதினாலாம் எண் கையை மேசையிலிருந்து எடுத்து, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல முழங்கையில் ஏந்திக்கொண்டாள். மற்றவர்களும் எடுத்தார்கள். டீச்சர், "ஸ்டாக் போகுது, ஸ்டாக் போகுது" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற செக்யூரிட்டி, பொருளை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டும் என்றான்.

"வெளிய போகல. எங்க வார்டுக்குத்தான் போறோம். வழிவிடு" என்றாள் வடிவு. அவன் விட்டான்.

முப்பத்திரண்டு கைகளையும் கொண்டுபோய் அவரவர் கட்டிலில், அவரவர் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

டீன் சபாபதி இறங்கிவந்தார். பின்னால் டீச்சர், அவருக்குப் பின்னால் முகாமுக்கு வந்த மாணவர்கள். டீன் அந்த வார்டுக்குள் வந்து எத்தனை வருஷமாயிற்று என்று சகாயமேரி சிஸ்டருக்கே தெரியவில்லை. அவர் நிதானமாகப் பேசினார். இது திருட்டுக் கேஸ் ஆகும், அதை அவர் விரும்பவில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், முகாம் பாதியில் நிற்கிறது என்றார்.

"நடக்கட்டும் சார்" என்றாள் வடிவு. "இங்கன வச்சு நடக்கட்டும். கை இந்தா இருக்கு. ஆளும் பக்கத்துல இருக்கு. எவிய எவிய குத்தணுமோ வந்து குத்துங்க."

மாணவர்கள் பார்த்தார்கள். காலையில் மேசைமேல் கிடந்த கைகளுக்குப் பக்கத்தில் முகங்கள் இருந்தன. பதினாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் நீலம் பாய்ந்த உதட்டோடு ஒரு சின்னப் பெண் மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிரியாணிப் பொட்டலத்தை இன்னும் கையில் வைத்திருந்த ஒரு பையன் அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தான். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

"ரத்தம் ஏத்தணும் சார், பிள்ளைக்கு" என்றாள் சகாயமேரி சிஸ்டர். "நரம்பு கெடைக்கல."

"டிரை பண்ணுங்க" என்றார் டீன். பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வடிவின் குரல் உயர்ந்தது. "ஒருத்தரும் டிரை பண்ண வேண்டாம். நாலாம் மாடிக்கு வருவாரே மயக்க டாக்டரு, அவரக் கூப்பிடுங்க. அந்தப் படம் பாக்குற மெஷினயும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு குத்து. ஒரே ஒரு குத்துதான் இனி எம்பிள்ளைக்கு. அதுக்கு மேல ஒருத்தன் குத்துனா அந்த ஊசிய நான் புடுங்கி எங்க குத்துவேன்னு எனக்கே தெரியாது."

"அவர் தியேட்டர்ல இருப்பாரும்மா. கீழ வர்றது நடைமுறை இல்ல."

"சார்" என்றாள் பெல்சியா. முன்னால் வந்து நின்றிருந்தாள். "அவங்க ரூம்ல டீ குடிச்சிட்டு இருக்காங்க. நான் இப்பதான் பாத்தேன்."

டீன் போனை எடுத்தார்.

மயக்க டாக்டர் வந்தார். லிஃப்டில் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடுவயது மனிதர், அதிகம் பேசவில்லை. பதினாலாம் எண் கையில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் மேகம்போல ஏதோ ஓடியது. வீங்கிய இடத்துக்கெல்லாம் கீழே, புஜத்தின் உள்பக்கத்தில், ஆழத்தில், ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. "இருக்கு" என்றார். முத்தரசியைப் பார்த்து, "ஒரு எறும்புக் கடி, பாப்பா" என்றார். ஆறு வருஷத்தில் குத்துவதற்கு முன்னால் அவளிடம் ஒருவர் பேசியது அதுதான் முதல்தடவை. குத்தினார். அந்த ஒரே ஊசியிலேயே சாம்பிள் எடுத்துக்கொண்டு, ரத்தம் ஏற்றுகிற குழாயையும் மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றினார்.

சகாயமேரி சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதினாள். லிஃப்ட் திறந்ததிலிருந்து ஆறு நிமிஷம்.

முக்கால் மணி நேரத்தில் பை வந்தது. ரத்தம் இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. வார்டு முழுக்க மூச்சு விட்டது. பீர்முகமது பாய், "அல்ஹம்துலில்லாஹ், பிள்ள தப்பிச்சிட்டா தங்கச்சி" என்றார். எல்லோரும் வடிவு இனி ஆறிப்போவாள் என்று நினைத்தார்கள். வடிவு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆறு நிமிசம்" என்றாள். "ஆறு வருசமா, இருபத்தோரு நாளைக்கு ஒருக்க, எம்பிள்ள செத்துச் செத்துப் பொழச்சா. அது விதின்னு நெனச்சேன். நோயின்னு நெனச்சேன். வேற வழியில்லன்னு நெனச்சேன். வழி நாலாம் மாடியில டீ குடிச்சிட்டு இருந்திருக்கு. ஆறு நிமிசம். ஒரு லிஃப்டு." டீனைப் பார்த்துச் சொன்னாள். மயக்க டாக்டரையும் பார்த்துச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் வயரைச் சுருட்டினார், சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தார். மாணவர்கள் கேட்டார்கள், அட்டெண்டர்கள் கேட்டார்கள், புது நோயாளிகள் கேட்டார்கள். வடிவு அழவில்லை. அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள், முத்தரசி தூங்கிய பிறகும் சொன்னாள்.

போலீஸ் கேஸ் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால், கையில் நிஜ ரத்தம் எப்படி வந்தது என்று எழுதவேண்டியிருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து, முப்பத்திரண்டு கைகளும் 'சேதமடைந்தவை' என்று ஸ்டாக்கிலிருந்து கழிக்கப்பட்டன. பச்சை விளக்கு தரைத்தளத்துக்கே வந்துவிட்டது. நாலாம் மாடிக்கு வேண்டுமென்றால் அவர்கள் கேட்டு எடுத்துப்போய்த் திருப்பித் தர வேண்டும். மீதியிருந்த எட்டுக் கைகளில் சிவப்புத் தண்ணீரை நிரப்பி மாணவிகள் பழகினார்கள். நன்றாகப் பழகினார்கள், இருபத்தைந்து குத்தும் ரப்பரில் குத்தி, அதற்குப் பிறகு ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பார்த்து, கடைசியாகத்தான் வார்டுக்கு வந்தார்கள். பெல்சியாவின் இடது முழங்கை எப்போதும் நீலமாக இருந்தது. வடிவு நாலு மாசம் அவளோடு பேசவில்லை. ஒருநாள், பேச்சில்லாமலே தூக்குச்சட்டியிலிருந்து அவளுக்குக் கொஞ்சம் புளிச்சோறு வைத்துக் கொடுத்தாள்.

கைகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முதலில் லக்கேஜ் டிக்கெட் கேட்டுப் பார்த்தார், வடிவின் முகத்தைப் பார்த்தபின் கேட்கவில்லை. இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை முத்தரசி பதினாலாம் எண் கையைப் பாப்ளின் உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்து, யார் குத்த வேண்டும் என்று அவளே பார்த்துச் சொல்லுவாள். சிலநாள் ஒருத்தரையும் பிடிக்காது. காத்திருப்பார்கள்.

எட்டாவது மாசம், பள்ளிக்கூடத்தில் பம்பரக் கயிறு சுற்றும்போது முத்தரசியின் கையில் நரம்பு தெரிந்தது. கவட்டை, கிளை, சுழி எல்லாம் அப்படியே. வடிவு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பீர்முகமது பாயும் தனக்குக் கடையில் துணி வெட்டும்போது வந்ததாகச் சொன்னார். நரம்பு வீட்டில் இருந்தது, வயலில் இருந்தது, சினிமாக் கொட்டகையில் இருந்தது. அடுத்த இருபத்தோராம் நாள் காலையில், முத்தரசியின் மடியில் வழக்கம்போலப் பதினாலாம் எண் கை இருக்க, பஸ் ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியது. தூரத்தில் வளைவு தெரிந்ததும், வடிவின் கண்ணெதிரேயே நரம்பு மெல்ல உள்ளே போயிற்று. முதலில் சுழி, பிறகு கிளை, பிறகு கவட்டை. முத்தரசியின் கை மறுபடியும் வழுவழுவென்று ஆயிற்று.

"போயிட்டும்மா" என்றாள் முத்தரசி. முகம் வாடிவிட்டது. "நம்ம ஆஸ்பத்திரிதான் இப்ப சரியாயிட்டே. விளக்குலாம் இருக்கே. பெல்சியாக்கா ஒரே குத்துல எடுக்காவளே. பெறகு ஏன் போவுது?"

வடிவு மகளின் கையைத் தன் மடிக்கு இழுத்து, சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

"போட்டும் மக்கா. அதைக் குத்தம் சொல்லாத" என்றாள். "அது மறக்கும்போது மறக்கட்டும்."

பஸ் வளைவுக்குள் நுழைந்தது. இருவரும் இறங்கினார்கள்.